சிஸ்டம் மாற்றியதிலிருந்து பிடித்த பாட்டெல்லாம் கசக்கிறது, கோளாறு எங்கே?

கோபி வாய்க்கால்மேடு

எல்லோருக்கும் வணக்கமுங்க. ஊர் கோபி பக்கம். நாலு வருடம் சீட்டுப் போட்டு, வீட்டில் ஒவ்வொருத்தராகச் சமாதானம் பண்ணி, போன மாசம் ஒருவழியாக ஸ்டீரியோ செட் ஒன்று வாங்கிவிட்டேன். ஆம்ப்ளிஃபயர் பழசு, கோவையில் ஒருவரிடம் வாங்கியது, சேனலுக்கு 50 வாட். ஸ்பீக்கர் புதுசு, ஸ்டாண்டில் வைக்கிற புக்‌ஷெல்ஃப் ரகம். ஒரு டிஏசி (டிஜிட்டல் பாட்டை ஆம்ப்புக்கு ஏற்ற சிக்னலாக மாற்றுகிற டப்பா). எல்லாம் சேர்த்து 92 ஆயிரம். (வீட்டில் சொன்ன கணக்கு 40.)

இதற்கு முன்னால் வீட்டில் இருந்தது அப்பா 1989ல் வாங்கின டூ-இன்-ஒன் (ரேடியோவும் கேசட்டும் சேர்ந்தது), அப்புறம் கையில் பிடிக்கிற அளவு ஒரு புளூடூத் டப்பா, அவ்வளவுதான்.

கடையில் டெமோ கேட்டபோது ஒரு பொண்ணு கிட்டார் மட்டும் வைத்துப் பாடுகிற இங்கிலீஷ் பாட்டுப் போட்டார்கள், அந்தப் பொண்ணு எனக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது, பாடுவதற்கு முன்னால் மூச்சு இழுக்கிறது வரை கேட்டது, அதிலேயே நான் விழுந்துவிட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டி, ஆசை ஆசையாக எண்பதுகளின் இளையராஜா பாட்டுகளைப் போட்டால் வயலின் கூட்டமெல்லாம் தகரத்தில் ஆணி கீறுகிற மாதிரி வருகிறது. பாடுகிறவர் ‘ச’ சொல்லும்போதெல்லாம் காதில் ஊசி. 2000க்குப் பிறகு வந்த குத்துப் பாட்டுகளோ பத்து நிமிடத்தில் தலைவலி. ஒரே ஒரு புல்லாங்குழல் சிடி மட்டும், சும்மா சொல்லக்கூடாது, அருமையாக இருக்கிறது. ஆனால் ஒரு சிடியையே எத்தனை நாள் கேட்பது?

அப்பாவுக்கு 74 வயது. அந்த டூ-இன்-ஒன்னைத் திண்ணையில் வைத்துக்கொண்டு இருபது வருடம் பாட்டுக் கேட்டவர். புது செட்டின் முன்னால் ரெண்டு பாட்டு உட்கார்ந்தார், எழுந்துபோகும்போது, “நல்லாத்தான் கேக்குது, ஆனா பாட்டு மாதிரி இல்லீங்களே சாமி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வீட்டுக்காரம்மா ஒன்றும் சொல்லவில்லை. அது இதைவிட மோசம்.

பாட்டுகள் பெரும்பாலும் பென்டிரைவில் இருப்பவை. செல்போன் கடையில் மெமரி கார்டில் ஏற்றித் தருவார்களே, அப்படி ஏற்றின 1,800 பாட்டு, வருடக்கணக்காக ஒவ்வொரு போனாக மாற்றி மாற்றி வருகிறது. மிச்சம் யூடியூப். சிடி ஒரு முப்பது இருக்கும்.

ஆம்ப்பும் ஸ்பீக்கரும் பொருந்தவில்லையா? ஸ்பீக்கர் ஒயரை மாற்றினால் சரியாகிவிடும் என்று சொல்லி 12,000க்கு ஒன்று காட்டுகிறார்கள், வாங்கலாமா? இல்லை ரெக்கார்டிங்கே அப்படித்தானா? அப்படியென்றால் இனி ஆயுசு முழுக்க அந்த கிட்டார் பொண்ணையேதான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமா?

சோமனூர் தறி

12,000க்கு ஒயரா! ரெண்டு ஆட்டுக்குட்டி வாங்கலாமே. கரண்ட் கடையில் ரெண்டரை ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர் மீட்டர் கணக்கில் கிடைக்கும், பத்து மீட்டர் வாங்குங்கள், ப்ளஸ் மைனஸ் மாறாமல் மாட்டுங்கள், முடிந்தது. ஒரு பக்கம் மட்டும் ப்ளஸ் மைனஸ் மாறியிருந்தால் பேஸ் காணாமல் போய், பாடுகிறவர் எங்கே நிற்கிறார் என்றே தெரியாது, அதை மட்டும் முதலில் பாருங்கள்.

என் கதை வேறு. எங்கள் வீட்டுக்கும் தறி ஷெட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். தறி ஓடும்போது நீங்கள் சொல்கிற மூச்சு இழுக்கிறது, மெதுவான வீணை, எதுவுமே காதில் விழாது. தலைவலி வருகிறது என்று திட்டுகிறீர்களே, அந்தக் குத்துப் பாட்டு ரகம்தான் எனக்கு ஒழுங்காகக் கேட்கும், ஏனென்றால் அதில் மெதுவான இடமே கிடையாது, எல்லாம் ஒரே சத்தத்தில் தள்ளியிருக்கிறார்கள். டவுன் பஸ்ஸிலும் அதே கதைதான். அதனால் மட்டமான ரெக்கார்டிங் என்று ஒட்டுமொத்தமாகச் சொல்லாதீர்கள், அது எங்களை மாதிரி ஆளுக்குப் பண்ணினது.

டேப் ஹெட், ஈரோடு

தம்பி, உங்கள் பதிவைப் படித்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் குற்ற உணர்ச்சியும் வந்தது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். 1984லிருந்து 97 வரைக்கும் நான் ஈரோட்டில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் வேலை பார்த்தவன். வெள்ளைத்தாளில் பாட்டு வரிசை எழுதிக்கொண்டு, 60ஓ 90ஓ ஒரு காலி கேசட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டு, மூன்று நாள் கழித்து வந்து வாங்கிப் போவீர்களே, அந்தக் கடை. இப்போது ஆம்ப்ளிஃபயர் சர்வீஸ் பண்ணுகிறேன்.

முதலில் உங்கள் செட்டில் கோளாறு இல்லை. புல்லாங்குழல் சிடி அருமையாக இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆம்ப்பும் ஸ்பீக்கரும் பொருந்தவில்லை என்றால் புல்லாங்குழலும் கசக்கத்தான் செய்யும். ஒரு தட்டு நன்றாகவும் இன்னொன்று மோசமாகவும் கேட்டால் வித்தியாசம் தட்டில் இருக்கிறது. நீங்கள் புதுக் கண்ணாடி போட்டிருக்கிறீர்கள், வீட்டு ஒட்டடையெல்லாம் இப்போதுதான் தெரிகிறது.

அப்பாவின் டூ-இன்-ஒன் ஏன் இனிமையாக இருந்தது என்றால், அதில் இருப்பது நாலு அங்குலக் காகித ஸ்பீக்கர். அது ஏறத்தாழ 120 ஹெர்ட்சுக்குக் கீழேயும் பாடாது, பத்தாயிரத்துக்கு மேலேயும் பாடாது. டேப்பின் ‘உஸ்’ சத்தம், ‘ச’ குத்துகிறது, எம்பி3யின் சலசலப்பு, இந்த வேண்டாத சமாச்சாரமெல்லாம் பாதிக்கு மேல் அந்த மேல்பக்கத்தில்தான் குடியிருக்கும். கீழ்ப்பக்கம் கரண்ட் இரைச்சல். ரெண்டையும் அந்த டப்பா வாசலிலேயே நிறுத்திவிட்டு, பாடுகிறவர் குரல் இருக்கிற நடுப்பகுதியை மட்டும் உள்ளே விட்டது. அதிலும் அந்தக் காலத்தில் பாட்டைக் கலந்தவர்களுக்கு அது ரேடியோவிலும் டீக்கடையிலும்தான் பாடப்போகிறது என்று தெரியும், அதற்குத் தக்க குரலை முன்னால் தூக்கி வைத்தார்கள். உங்கள் அப்பா சொன்னது சரி. அவர் கேட்டது அந்தப் பாட்டு, நீங்கள் இப்போது கேட்பது அந்தப் பாட்டோடு சேர்த்து அதற்கு நாற்பது வருடத்தில் நேர்ந்த எல்லாம்.

என்ன நேர்ந்தது என்று கேளுங்கள். சென்னையில் பெரிய ஹாலில் ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசிக்க, பெரிய டேப்பில் பதிவாகும். மாஸ்டர் என்கிற அந்த மூல டேப்பில் அது அருமையாகத்தான் இருக்கும். அதிலிருந்து எல்பி தட்டு. எங்களைப் போன்ற கடையில் எல்பியை ஒரு தடவை கேசட்டில் எடுத்து வைத்துக்கொள்வோம், தட்டு தேயக்கூடாதே. அந்தக் கேசட்டிலிருந்துதான் உங்களுக்குக் காப்பி, கூட்டம் இருந்தால் டபுள் ஸ்பீடில். கேசட் டேப் நொடிக்கு 4.76 செமீ தான் ஓடும், அகலமோ நாலு மில்லிமீட்டர் கூட இல்லை, அதிலேயே ரெண்டு பக்கமும் ஸ்டீரியோவும். ஒவ்வொரு காப்பிக்கும் ‘உஸ்’ கூடும், முதல் காப்பியிலேயே மூன்று டெசிபல். கடையில் இருக்கிற டெக்கின் வேகமும் வீட்டு டெக்கின் வேகமும் ஒன்றாக இருக்காது, அதனால்தான் நெட்டில் கிடைக்கிற பழைய பாட்டு பலதும் சுருதி கொஞ்சம் ஏறியோ இறங்கியோ இருக்கும், கூட சேர்ந்து ஆர்மோனியம் வாசித்துப் பாருங்கள், எந்தக் கட்டையிலும் உட்காராது. அப்புறம் யாரோ ஒருவர் அந்தக் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கியிருப்பார், அதாவது கோப்பைச் சின்னதாக்க ஒலியில் கொஞ்சத்தைத் தூக்கி எறிந்திருப்பார். அதை இன்னொருவர் 320 ஆக மாற்றிப் பெயரை மட்டும் பெரிதாகப் போட்டிருப்பார். ஒருமுறை தூக்கி எறிந்தது 320 ஆக மாற்றினால் திரும்ப வந்துவிடாது, இன்னும் கொஞ்சம் எறிவதுதான் நடக்கும். உங்கள் 1,800 பாட்டில் பாதிக்கு மேல் இந்த ரகமாகத்தான் இருக்கும்.

சந்தேகம் இருந்தால் ஸ்பெக் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. பாட்டை அதில் போட்டால் எத்தனை ஹெர்ட்ஸ் வரைக்கும் சத்தம் இருக்கிறது என்று படமாகக் காட்டும். 320 என்று பெயர் போட்ட கோப்பு 16,000 ஹெர்ட்சில் கத்தியால் வெட்டின மாதிரி நின்றால், அது பெரும்பாலும் 128ஆக இருந்ததுதான். ஆனால் ஒன்று, அந்த 16,000க்கு மேல் இருப்பதை இழந்ததால்தான் கசக்கிறது என்று நினைக்காதீர்கள். நாற்பது வயதைத் தாண்டின பல பேருக்கு அங்கே ஒன்றும் கேட்காது, எனக்கு 12,000க்கு மேல் கோயில் மணியே அடித்தாலும் தெரியாது. கசப்பு வருவது கீழே, கேட்கிற இடத்தில். கைத்தட்டல், ஜால்ரா, தம்பூரா, கூட்டமாக வயலின், இந்த நாலையும் கவனியுங்கள். எம்பி3 இங்கேதான் திணறும், தண்ணீருக்குள் இருந்து வருகிற மாதிரி சலசலக்கும். தகரத்தில் ஆணி என்று நீங்கள் சொன்னது இதுதான் என்பது என் ஊகம்.

அடுத்தது குத்துப் பாட்டுத் தலைவலி. அது காப்பி பண்ணினதால் வந்தது இல்லை, வெளியிடுவதற்கு முன்னால் கடைசியாகச் சத்தத்தைச் சரிபண்ணுகிற மாஸ்டரிங்கிலேயே அப்படி. சிடி 1982ல் வந்தபோது அதன் 16 பிட்டில் மெதுவான சத்தத்துக்கும் பெரிய சத்தத்துக்கும் நடுவில் 96 டெசிபல் இடம் இருந்தது. கேசட்டில் அதில் பாதிதான் தேறும். அத்தனை பெரிய வீட்டைக் கட்டிக்கொடுத்தால் நம் ஆட்கள், நம் ஆட்கள் என்ன, உலகம் முழுக்கத்தான், எல்லோரும் மாடியில் போய் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். ரெண்டு பாட்டை அடுத்தடுத்துப் போட்டால் சத்தமாக இருப்பதுதான் நல்ல பாட்டு என்று காது ஏமாறும். அதனால் ஒவ்வொருவரும் அடுத்தவரைவிடச் சத்தமாக்க, மெதுவான இடத்தையெல்லாம் தூக்கி, உச்சத்தையெல்லாம் நறுக்கி, கடைசியில் பாட்டின் அலைப்படத்தைப் பார்த்தால் செங்கல் மாதிரி இருக்கும். சின்ன ஸ்பீக்கரில் இது எடுப்பாக இருக்கும். தறிக்காரர் சொன்னது நியாயம்தான். நல்ல ஸ்பீக்கரில் மேளம் அடிக்கிற அடி ‘தொம்’ என்று நெஞ்சில் விழவேண்டியது ‘தப்’ என்று செத்து விழும், காதுக்கு மூச்சுவிட நேரமே இருக்காது, அதுதான் தலைவலி. யூடியூபிலும் ஸ்பாட்டிஃபையிலும் இப்போது எல்லாப் பாட்டையும் சுமார் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (சத்தத்தை அளக்கிற அலகு) என்று ஒரே சத்த மட்டத்துக்கு இறக்கிப் போடுகிறார்கள், அதனால் கத்தினவனுக்கு இப்போது லாபம் இல்லை. ஆனால் நறுக்கினது நறுக்கினதுதான், ஒட்டாது.

ஆகவே நான் சொல்வது இதுதான்: பாட்டை மாற்றாதீர்கள், பிரதியை மாற்றுங்கள். ஒரே பாட்டு நாலு சிடியில் நாலு விதமாக வந்திருக்கும். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் வெளிநாட்டுத் தமிழர்களுக்காக அச்சிட்ட சிடிகள் சிலவற்றைச் சேகரிக்கிறவர்கள் இன்றும் தேடி அலைவதற்குக் காரணம், அவற்றில் யாரும் அதிகம் கை வைக்கவில்லை. ‘உஸ்’ இருக்கும், இருக்கட்டும். ‘டிஜிட்டல் ரீமாஸ்டர்’ என்று தங்க எழுத்தில் போட்டிருந்தால் கொஞ்சம் உஷாராக இருங்கள். ‘உஸ்’சைத் துடைக்கப் போய்ப் பாடகரின் மூச்சையும் வீணையின் நரம்புக் கீறலையும் சேர்த்துத் துடைத்துவிட்ட தட்டுகள் என்னிடமே நாலைந்து இருக்கின்றன.

இன்னும் பழசுக்குப் போனால், நம்ம கோவை சிங்காநல்லூரில் 1935லேயே சென்ட்ரல் ஸ்டுடியோஸ் என்ற சினிமா ஸ்டுடியோ இருந்தது, புலியகுளத்தில் பட்சிராஜா ஸ்டுடியோ இருந்தது, அந்தக் காலப் பாட்டெல்லாம் ஒரே சேனலில் வருகிற மோனோ. அதைப் போய் ஸ்டீரியோ ஆக்குகிறேன் என்று மேல் ஸ்தாயியை ஒரு பக்கமும் கீழ் ஸ்தாயியை இன்னொரு பக்கமும் பிரித்து, மேலே எக்கோ ஊற்றின பதிப்புகள் உண்டு. அவற்றைத் தொடவே வேண்டாம். உங்கள் ஆம்ப்பில் மோனோ பட்டன் இருந்தால் (பழைய ஆம்ப் என்கிறீர்கள், இருக்க வாய்ப்பு உண்டு) பழைய பாட்டுக்கு அதை அழுத்திக் கேளுங்கள். என்னைக் கேட்டால் மோனோவை ஒரே ஒரு ஸ்பீக்கரில் கேட்பதுதான் சுகம்.

பிரதிகளை ஒப்பிட்டுப் பார்க்கும்போது ரெண்டின் சத்தத்தையும் சமமாக வைத்துவிட்டுப் பாருங்கள், இல்லையென்றால் சத்தமானதுதான் ஜெயிக்கும். அதேபோல் ராத்திரி மெதுவாக வைத்துக் கேட்கும்போது பேஸ் இளைத்துப் போனால் அது ரெக்கார்டிங் குற்றம் இல்லை, நம் காது அப்படி. சத்தம் குறையக் குறையக் கீழ் ஸ்தாயி நமக்குக் கேட்பதில்லை என்று ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே அளந்து வைத்துவிட்டார்கள். பழைய ஆம்ப்பில் லவுட்னெஸ் என்று ஒரு பட்டன் இருப்பது அதற்குத்தான். வெட்கப்படாமல் போடுங்கள்.

இப்போது குற்ற உணர்ச்சி. எங்கள் கடைக்கு பஸ்காரர்கள் மொத்தமாகக் கேசட் போட வருவார்கள். இன்ஜின் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும், பேஸும் அதிர வேண்டும் என்பார்கள். கிராஃபிக் ஈக்வலைசரில் ரெண்டு ஓரத்தையும் (பேஸும் மேல் ஸ்தாயியும்) தூக்கி நடுவை இறக்கி, சிரிக்கிற வாய் மாதிரி வைத்துப் பதிவு பண்ணிக் கொடுப்பேன். அந்தக் கேசட் ஓடிய பஸ்ஸில் ஏறுவதற்காகவே காத்து நின்று போனவர்கள் உண்டு. பிற்பாடு பார்த்தால், நெட்டில் சுற்றுகிற சில பாட்டுகளில் என் கையெழுத்து தெரிகிறது தம்பி. அதே தூக்கல், அதே எக்கோ. உங்கள் பென்டிரைவிலும் ரெண்டு மூன்று இருக்கலாம். மன்னித்துக்கொள்ளுங்கள்.

பொள்ளாச்சி நார்

அண்ணன் எழுதியதில் ஒரு குறை. ரெக்கார்டிங், ரெக்கார்டிங் என்று சொல்லிவிட்டு அறையைக் கேட்கவே இல்லை. கோபிக்காரரே, தரை என்ன? டைல்ஸா? ஜன்னலுக்கு ஸ்கிரீன் உண்டா? ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டி வைத்திருக்கிறீர்களா? கடையில் தரை முழுக்க கார்ப்பெட் இருந்திருக்கும், கவனித்தீர்களா?

கோபி வாய்க்கால்மேடு

வழவழ டைல்ஸ், காங்கிரீட் கூரை, பெரிய கண்ணாடி ஜன்னல் ரெண்டு, சாமான் அதிகம் இல்லை. 14க்கு 11 அடி. ஸ்பீக்கர் சுவரை ஒட்டி. சோபாவும் எதிர்ச் சுவரை ஒட்டி. கடையில் கார்ப்பெட் இருந்தது, ஆமாம், செருப்பைக் கழற்றச் சொன்னார்கள்.

பொள்ளாச்சி நார்

அப்போது பாதி ஊசி அங்கேயிருந்துதான் வருகிறது. கைதட்டிப் பாருங்கள், ‘ட்ரிங்’ என்று ஒரு வால் கேட்கும். ஏற்கெனவே குத்துகிற ‘ச’ தரையிலும் கண்ணாடியிலும் பட்டு ரெண்டாவது தடவை வந்து குத்துகிறது. நல்ல ரெக்கார்டிங் இதைத் தாங்கிக்கொள்ளும், மோசமானது தாங்காது. புல்லாங்குழல் ஒற்றை ஆள், தப்பித்துவிட்டது.

காசு செலவு பண்ணாமல் முதலில் இதைச் செய்யுங்கள். வீட்டில் பவானி ஜமக்காளம் இருக்கும், கல்யாணத்துக்கு வாங்கினது பீரோ மேல் மடித்துக் கிடக்கும். அதை நாலாக மடித்து, உங்களுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் தரையில் போடுங்கள். ஒற்றையாக விரித்தால் மேல் ஸ்தாயியில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான், கனம் வேண்டும். ஜன்னலுக்குச் சென்னிமலைப் போர்வையை ரெட்டையாகத் தொங்கவிட்டுப் பாருங்கள், சரிப்பட்டால் அப்புறம் ஸ்கிரீன் தைத்துக்கொள்ளலாம். பக்கச் சுவரில் இலவம் பஞ்சு மெத்தை ஒன்றைச் சாத்தினால் இன்னும் நல்லது. ஊட்டுக்காரம்மா விடமாட்டார் என்றால் சோதனைக்கு ஒரு மணி நேரம் மட்டும்.

பேஸ் கதை வேறு, அது துணிக்கு அடங்காது. 14 அடி நீள அறையில் 40 ஹெர்ட்ஸ் பக்கமும், 11 அடி அகலத்துக்கு 51 பக்கமும் சத்தம் சுவருக்குச் சுவர் முட்டி நின்றுகொள்ளும். சுவரோடு ஒட்டி உட்கார்ந்தால் அது உங்களுக்கு ரெட்டிப்பாகக் கேட்கும். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ரெண்டு அடி முன்னால் இழுங்கள், சோபாவையும் ரெண்டு அடி முன்னால் தள்ளுங்கள். அண்ணன் சிரிக்கிற வாய் மாதிரி வைத்துக் கொடுத்த பாட்டுக்கு இது ரொம்ப முக்கியம் :)

காங்கேயம் காளை

நான் இந்தத் திரிக்கு நேரெதிரான ஒன்றைச் சொல்ல வந்தேன். எங்கள் அப்பாரு (தாத்தா) 1983 வாக்கில் எங்கள் ஊர்க் கோயிலில் அண்ணமார் கதையை, அதாவது பொன்னர் சங்கர் அண்ணன் தம்பி கதையை, உடுக்கடித்துப் பாடினவர்களை டேப் ரெக்கார்டரில் பிடித்து வைத்தார். மைக் என்றால் தனி மைக்கெல்லாம் இல்லை, டப்பாவிலேயே இருக்கிற பொட்டு மைக். திண்ணையில் வைத்து அமுக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஏழு கேசட். இருபது வருடம் பரணில் கிடந்தது. போன வருடம் என் பெரிய ஸ்பீக்கரில் போட்டேன். ரெக்கார்டிங் என்று பார்த்தால் மகா மட்டம். உடுக்கை விழும்போது எல்லாச் சத்தமும் அமுங்கிப் போகிறது, உடுக்கை நின்றதும் கூட்டத்தின் இருமல், எங்கேயோ ஆடு, பெட்ரோமாக்ஸ் இரைச்சல் எல்லாம் குபுகுபுவென்று மேலே ஏறி வருகிறது. பொன்னர் சங்கர் படுகளத்துக்குப் போகிற இடத்தில் ஒரு ஆத்தா அழுகிறது தெளிவாகக் கேட்கிறது. அதைக் கேட்டுவிட்டு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. புளூடூத் டப்பாவில் போட்டபோது இந்த அழுகை எனக்குக் கேட்கவே இல்லை, பெரிய செட்டில்தான் கேட்டது. ஆக நல்ல செட்டில் மட்டமான ரெக்கார்டிங் கசக்கும் என்பது எப்போதும் உண்மை இல்லை.

தெரிந்துகொள்ளட்டும் என்று ஒன்று: இதே அண்ணமார் கதையைக் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கியிருந்த பிரெண்டா பெக் என்ற ஆய்வாளர் 1965லேயே டேப்பில் பதிவு செய்திருக்கிறார். ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு இது தெரியாது.

டேப் ஹெட், ஈரோடு

காளை, நீங்கள் சொன்ன அமுங்கலும் ஏறலும் அந்த டேப் ரெக்கார்டரில் இருக்கிற ஏஎல்சி என்கிற சமாச்சாரம். சத்தம் கூடினால் தானே குறைக்கும், குறைந்தால் தானே தூக்கும், வீட்டு ஆள் லெவல் பார்க்கத் தேவையில்லை என்று வைத்தது. யோசித்துப் பாருங்கள், குத்துப் பாட்டை நறுக்குகிறார்கள் என்று நான் மேலே திட்டினேனே, அதுவும் கிட்டத்தட்ட இதே வேலைதான். அங்கே தலைவலி, இங்கே தூக்கம் போனது. என் ஊகம், உங்கள் டேப்பில் அந்தக் கருவி மூச்சுவிடுகிறது, தூக்கும்போது உள்ளே இருந்த ஊரே எழுந்து வருகிறது. மாஸ்டரிங்கில் பண்ணுகிறபோது தூக்குவதற்கு உள்ளே ஒன்றும் இருப்பதில்லை, கம்ப்யூட்டர் மேளத்துக்குப் பின்னால் ஏது ஆடு? இது முழுக் காரணம் என்று அடித்துச் சொல்லமாட்டேன். எங்கள் அப்பாரு பிடித்து வைத்த டேப் என்றால் எனக்கும் எந்த டப்பாவிலும் இனிக்கும்.

அதற்காகச் சுத்தமான ரெக்கார்டிங் என்றால் உயிர் இருக்காது என்று சொல்லிவிடாதீர்கள், அப்படி ஒரு கூட்டம் இருக்கிறது. அமெரிக்க கிட்டார்காரர் ரை கூடரும் மோகன வீணை வாசிக்கிற விஸ்வமோகன் பட்டும் சேர்ந்து வாசித்து 1993ல் ஒரு தட்டு வந்ததே, கிராமி கூட வாங்கியது. அதைப் பதிவு செய்தவர் இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர். ரெண்டே மைக்கைக் குறுக்காக வைத்து, 1931ல் பிளம்லின் என்ற இங்கிலாந்து இன்ஜினியர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை அது, நேரே டேப்பில். வாசித்த ரெண்டு பேரும் அதற்குக் கொஞ்ச நேரம் முன்னால்தான் சந்தித்தார்கள். உங்கள் அப்பாரு செய்ததும் ஒரு வகையில் அதேதான், ஒரு இடத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டது. நம் சினிமாவில் இந்தக் கவனத்தோடு வேலை செய்தவர் என்றால் ஏ.ஆர்.ரகுமானிடம் இருந்த சவுண்ட் இன்ஜினியர் எச்.ஸ்ரீதர், 2008ல் போய்விட்டார். அவர் கலந்த பாட்டு நல்ல பிரதியாகக் கிடைத்தால் கோபிக்காரர் கிட்டார் பொண்ணை மறந்துவிடுவார்.

கோபி வாய்க்கால்மேடு

ரெண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கணும், மஞ்சள் வெட்டு.

செய்தது: ஜமக்காளம் நாலாக மடித்துப் போட்டாகிவிட்டது, அது அங்கேயே தங்கிவிட்டது, ஒறம்பரை வந்தால் அதிலேதான் உட்காருகிறார்கள். ஸ்பீக்கரையும் சோபாவையும் இழுத்தேன். ஊசி பாதிக்கு மேல் குறைந்தது. இலவம் பஞ்சு மெத்தைக்கு அனுமதி கிடைக்கவில்லை. ஒயர் வாங்கவில்லை.

ஸ்பெக்கில் நாற்பது பாட்டுப் போட்டுப் பார்த்தேன், முப்பத்தொன்று 16,000லேயே வெட்டு, அதில் பதினேழுக்கு 320 என்று பேர். ஒரு பாட்டில் எக்கோ ரொம்ப இருக்கிறது, டேப் ஹெட் அண்ணா, அது உங்களுடையதா என்று தெரியவில்லை :) அப்புறம் கோவை உக்கடம் பழைய சந்தையில் தேடி ஒரு பழைய சிடி எடுத்தேன், 60 ரூபாய். நான் கசக்கிறது என்று எழுதிய அதே பாட்டு அதில் இருக்கிறது. வயலின் வயலினாக இருக்கிறது. சத்தம் மட்டும் கம்மி, வால்யூமைக் கூட்டி வைக்க வேண்டியிருக்கிறது.

குத்துப் பாட்டுகளை டிராக்டருக்கு மாற்றிவிட்டேன். அங்கே பிரமாதம்.

அப்பாவைக் கூட்டிவந்து மோனோ பட்டனை அழுத்தி, ஒரு ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு, அவருக்குப் பிடித்த அறுபதுகளின் பாட்டு ரெண்டு போட்டேன். முழுக்கக் கேட்டார். நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை, “இன்னொரு பொட்டி எதுக்கு வாங்குன?” என்று மட்டும் கேட்டார்.

அவருடைய கேசட் அறுபதுக்கு மேல் இருக்கிறது. பாதியில் பூஞ்சை, சிலதில் உள்ளே இருக்கிற பஞ்சு விழுந்துவிட்டது. அண்ணா, இதையெல்லாம் டிஜிட்டலில் எடுக்க முடியுமா? டெக் என்னிடம் இல்லை.

டேப் ஹெட், ஈரோடு

முடியும். பூஞ்சை பிடித்ததை நீங்கள் எதிலும் போட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள், ஹெட்டோடு போய்விடும், அடுத்த கேசட்டுக்கும் ஒட்டும். அப்படியே பையில் போட்டு எடுத்து வாருங்கள். பஞ்சு விழுந்ததற்கு வேறு கேசட்டின் கூட்டை மாற்றிக்கொள்ளலாம், என்னிடம் காலிக் கூடு ஒரு மூட்டை கிடக்கிறது. ஒவ்வொரு கேசட்டுக்கும் ஹெட்டின் சின்ன ஸ்க்ரூவைத் திருப்பி, மேல் ஸ்தாயி தெளிகிற இடத்தில் நிறுத்தித்தான் எடுக்க வேண்டும், அவசரப்பட்டால் ஆகாது, நாளைக்கு நாலு கேசட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 பிட்டில் எடுத்துத் தருகிறேன், ‘உஸ்’சைத் துடைக்கச் சொல்லாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை வரலாம். சனிக்கிழமை எங்கள் பக்கம் கரண்ட் கிடையாது. அப்பாவையும் கூட்டி வாருங்கள், எந்தக் கேசட் முதலில் என்று அவர்தான் சொல்லவேண்டும்.

சோமனூர் தறி

அந்த எக்கோ பாட்டை மட்டும் எனக்கு அனுப்பி வையுங்கள், தறி ஷெட்டுக்கு ஆகும்.